சுண்ணாம்புக் கோட்டுக்குள் படுத்தவர்கள்

போன மாதம் பிரவீன் போன் செய்தான். எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் இப்போது ஓவர்சியராக இருக்கிற பையன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மாவட்டத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடக்கிறதாம், பழைய ஆள் என்கிற முறையில் நான் வந்து பேச வேண்டுமாம். தலைப்பு என்ன என்று கேட்டேன். "பெருகிவரும் உலக மக்கள்தொகையும் எதிர்கால வீட்டுவசதிச் சவாலும்" என்று மூச்சு விடாமல் சொன்னான்.

"தம்பி, நான் வேலை பார்த்தது செஞ்சி ஒன்றியத்துல. உலகத்துக்கு எனக்கு டிரான்ஸ்பரே போடலியே" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, பிறகு கொஞ்சம் சலிப்போடு தன் பாட்டைச் சொன்னான். இப்போதெல்லாம் வீட்டைப் போனில் படம் எடுத்தாலே அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அளக்கக்கூட ஆள் வேண்டாம், மெஷின் பறந்து அளக்கிறது. எல்லாம் இருக்கிறது, மனைதான் இல்லை. ஒரு வீட்டில் பிறந்த மூன்று பேரும் தனித்தனியாக வீடு கேட்கிறார்கள், அப்பன் விட்டுப்போன மனையோ ஒன்றுதான். "இடமில்லைன்னு எழுதி அனுப்புறதுதான் மேடம் எங்களுக்குப் பாதி வேலை" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஏனென்றால் இதே வாக்கியத்தை எழுத நான் பேனாவைத் திறந்த ஒரு நாள் உண்டு. அன்றைக்கு அதை எழுதவிடாமல் தடுத்தவர் ஒருவர் இருந்தார்.

என் கதையை ரொம்ப நீட்ட மாட்டேன். பாலிடெக்னிக்கில் சிவில் படித்த பெண்கள் அப்போது அபூர்வம். வேலை கிடைத்த புதிதில் நான் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் போய் நின்றால், "ஓவர்சியர் எப்பம்மா வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் என்றால், ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருமுனையைப் பார்ப்பார்கள். முதல் ஒரு வருஷம் இப்படித்தான் போனது. அப்புறம் மேல்சித்தாமூரிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் என் மொபெட் சத்தம் கேட்டாலே "ஓவர்சியரம்மா வந்துட்டாங்க, சிமெண்ட்டு மூட்டைய எண்ணி வை" என்று மேஸ்திரிகள் உஷாராகிற நிலைமை வந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

எங்கள் வேலை அரசு வீடு. குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு கக்கூஸ். அளவு, கதவு, ஜன்னல் எல்லாம் மேலேயிருந்தே வந்துவிடும். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று ஒவ்வொரு கட்டத்திலும் போய்ப் பார்த்துச் சரி என்று எழுத வேண்டும். கட்டி முடித்த அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கக்கூஸில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருக்கும். கேட்டால், "எலி வராத எடம் இது ஒண்ணுதான் மேடம்" என்பார்கள். சண்டை போட்டு மூட்டையை எடுக்க வைப்பேன். நான் மொபெட்டைக் கிளப்பினதும் மூட்டை பழைய இடத்துக்குப் போய்விடும்.

இனி சுந்தரமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மேலே உதவிப் பொறியாளராக இருந்தவர். ஒல்லியான மனிதர், தோளில் எப்போதும் ஒரு துண்டு. கோபம் வந்தால் பேச மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரில் நிற்கிற கான்ட்ராக்டருக்கு வேர்க்கும். எந்த ஊருக்குப் போனாலும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார்கள், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. செங்கல்லை இரண்டு கையிலும் எடுத்து ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்பார். மணலைக் கையில் அள்ளிப் பிசைந்து, உள்ளங்கையில் சேறு ஒட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அது எந்த விதியிலும் கிடையாது, வேறு எந்த ஒன்றியத்திலும் நான் பார்த்ததில்லை. அஸ்திவாரம் தோண்டுகிறதுக்கு முன்னால் மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவோம் இல்லையா, அது முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு, "எல்லாரும் உள்ள போய்ப் படுத்துக் காட்டுங்க" என்பார்.

முதல் தடவை கேட்டபோது எனக்குக் காது சரியில்லையோ என்று தோன்றியது. அந்த வீட்டுக்காரர்களும் முழித்தார்கள். சார் விடவில்லை. ராத்திரி எப்படிப் படுப்பீர்களோ அப்படியே, ஒருத்தர் பாக்கி இல்லாமல், ஹால் கோட்டுக்குள் படுக்க வேண்டும். முதலில் வயசானவர்கள், அப்புறம் குழந்தைகள், கடைசியில் புருஷன் பெண்டாட்டி. அடுப்பங்கரையில் மட்டும் வீட்டுப் பெண் நின்று, எந்தப் பக்கம் பார்த்துச் சமைப்பாள், புகை எந்த வழியாகப் போகும் என்று காட்ட வேண்டும். தெருவே கூடி நின்று சிரிக்கும். படுத்திருக்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் படுத்தவுடன்தான் அவர்களுக்கே தெரியும், கதவைத் திறந்தால் கிழவர் தலையில் இடிக்கும் என்று. உடனே அங்கேயே கதவை மாற்றி வைப்போம். கடலாடிக்குளம் பக்கம் ஒரு பெரியவர் கோட்டுக்குள் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். சார் யாரையும் எழுப்பவிடவில்லை. "வீடு நல்லா அமைஞ்சிடுச்சும்மா, எழுதிக்கோ" என்றார். இன்னொரு வீட்டில் ஆடு ஒன்று தானாக வந்து பிள்ளைகளுக்கு நடுவில் படுத்தது. அதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்று சார் அடம் பிடித்தார்.

இப்படிச் சிரிப்பும் வேடிக்கையுமாகப் போய்க்கொண்டிருந்த வேலையில்தான் முருகேசன், ஏழுமலை வீட்டுச் சிக்கல் வந்து சேர்ந்தது.

சிங்கவரம் போகிற ரோட்டில், மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு காலனி. அண்ணன் முருகேசன் சென்ட்ரிங் வேலை, தம்பி ஏழுமலை கம்பி கட்டுகிற வேலை. இரண்டு பேரும் சென்னையில் அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் வேலை செய்துவிட்டு, வாரக் கடைசியில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவார்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர்கள். அவர்கள் வீடு மட்டும் ஓலைக் குடிசை. குடிசையில் அண்ணன், அவன் மனைவி அஞ்சலை, அவர்களுடைய பையன். குடிசைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய சாய்ப்பில் ஏழுமலை, அவன் மனைவி செல்வி, இரண்டு பெண் குழந்தைகள். மழை பெய்தால் செல்வி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குள் வந்து விடிகிறவரைக்கும் குந்தியிருப்பாள்.

முருகேசன் பேருக்கு வீடு வந்தது. பட்டா இறந்துபோன அப்பா பேரில் இருந்ததால் தம்பி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழுமலை போட மாட்டேன் என்றான். நியாயம்தான். அரசு வீடு எழும்பினால் மனை முழுக்க அடைத்துக்கொள்ளும், சாய்ப்புக்கு இடம் இருக்காது. "கையெழுத்து போட்டுட்டு நான் எங்க போவறது மேடம்? நைனா எனக்குந்தான நைனா?" என்று கேட்டான். தனி மனைக்கு மனுப் போட்டுப் பார்த்தார்கள். காலனிக்கும் மலைக்கும் நடுவில் கண்ணெதிரே பெரிய காலி இடம், ஆனால் செஞ்சிக் கோட்டைக்குப் பக்கம் என்பதால் அதில் ஒரு கல்லைக்கூட வைக்கக் கூடாது. இந்தப் பக்கம் ஏரி. மிச்சமெல்லாம் அடுத்தவர் வயல். மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் முருகேசன் வீடு வேறு ஊருக்குப் போய்விடும். அண்ணனுக்கு வீடு வந்தால் தம்பி நடுத்தெருவில் நிற்பான். தம்பிக்காக நிறுத்தினால் இரண்டு பேருக்கும் இல்லை. இடமில்லை என்று எழுதி அனுப்பிவிடலாம் சார் என்றுதான் நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், நான் பேனாவை மூடிவிட்டேன்.

நாங்கள் போன அன்றைக்கு அண்ணனும் தம்பியும் மனைக்கு நடுவில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பாதிப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கொரு சின்ன வீடு கட்டிக்கொடுங்கள் என்றார்கள். முடியாது என்று சார் வாயால் சொல்லவில்லை. கயிற்றுக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். "ரெண்டு குடும்பமும் படுத்துக் காட்டுங்க."

படுத்தார்கள். முருகேசன் மகன் அந்த வயசிலேயே நெட்டையாக வளர்ந்திருந்தான், அவன் கால் கயிற்றைத் தாண்டிச் சித்தப்பா வீட்டுக்குள் போய்விட்டது. அந்தப் பக்கம் செல்வியும் பெண்களும் படுத்தபிறகு ஏழுமலைக்கு இடமே இல்லை. இப்படிப் புரண்டு அப்படிப் புரண்டு, கடைசியில் கயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்து அண்ணன் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த அண்ணன் தம்பி, ஒருத்தன் மூச்சு ஒருத்தன் மேல் படுகிற மாதிரி வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பெண்ணை நெஞ்சில் போட்டுக்கொண்டு, கோடு எங்கே முடிகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "மேல இடம் இருக்குதே" என்றார். கீழே அண்ணன், மாடியில் தம்பி. பில்லர் போட்டுக் கட்டினால் தாங்கும், உடம்பு வேலையை இரண்டு பேரும் செய்துகொள்ளலாம், தம்பிக்கு அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் வாங்கிவிடலாம். நான் காதோரமாக, ஒரு மனைக்கு ஒரு வீடுதானே சார் விதி என்றேன். "மனை வேணும்னு போட்டிருக்கு. மனை மண்ணுலதான் இருக்கணும்னு எங்கம்மா போட்டிருக்கு?" என்றார்.

தம்பிக்கு மாடி பிடிக்கவில்லை. சென்னையில் பத்து மாடிக்குக் கம்பி கட்டுகிறவன், சொந்த ஊரில் மாடிக்குப் போக யோசித்தான். அவனைத் தேற்றுகிறேன் என்று சார் கோட்டை இருக்கிற ராஜகிரி மலையைக் காட்டி, "ராஜாவே மேலதான்பா குடியிருந்தாரு. கீழ இருந்தது குதிரை லாயம்" என்றார். ஏழுமலை முகம் மலர்ந்தது. உடனே முருகேசன் எழுந்து நின்று, "அப்ப நான் குதிரையா சார்?" என்றான். கீழ் வீட்டுக்கு வாசல் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, முருங்கை மரம் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவனை மறுபடி உட்கார வைப்பதற்குள் சாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆண்கள் இரண்டு பேரும் ஒருவழியாக அடங்கின நேரத்தில் அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள்.

"பூவாடைக்காரி தலமேல யாரும் நடக்கக்கூடாது சார்."

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இது உண்டு. கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படையல் போட்டாக வேண்டும். பங்காளிகள் எத்தனை பேர் இருந்தாலும் அந்தப் படையலுக்கு ஒன்றாக வந்து நிற்க வேண்டும். இந்த வீட்டில் அவள் முருகேசனின் அத்தை, கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போனவள். அவளுடைய புடவைக் கூடை குடிசையின் மூலையில் இருந்தது. மாடியில் ஆள் குடியிருந்தால் அவள் தலைமேல் கால் படும், குடும்பம் விளங்காது என்றாள் அஞ்சலை. அதில் பயமும் இருந்தது, ஓரகத்தி தன் தலைக்குமேல் நடமாடுவதா என்கிற வீம்பும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. முருகேசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். சாமி விஷயத்தில் எந்தப் பொறியாளர் என்ன பேச முடியும்? சார் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. முடிந்தது கதை என்றுதான் நான் நினைத்தேன்.

செல்வி சுண்ணாம்புக் கோட்டுக்குள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவள், பெண்ணின் தலையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்ப அவங்க எங்களோட மேல வரட்டும்க்கா."

அஞ்சலை திகைத்துப் போனாள். குடிசை மூலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மேல வெயில் அடிக்கும்டி" என்றாள்.

"எங்களுக்குந்தான் அடிக்கும். சேந்து இருந்துக்கறோம்."

குறுக்கே நின்றிருந்த அஞ்சலை ஒதுங்கிக்கொண்டாள். ஏழுமலை அங்கேயே, என் மொபெட் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

மேலிடத்தில் சுலபமாக விட்டுவிடவில்லை. ஒரே மனையில் இரண்டு வீடா என்று கேள்விமேல் கேள்வி வந்தது. ஒரு மனையில் ஒரு வீடு, ஒரு மொட்டை மாடியில் ஒரு வீடு என்று சார் பதில் அனுப்பிக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன், உத்தரவு வந்தது. அதற்குள் அண்ணனும் தம்பியும் சென்னைக்கு லீவு போட்டுவிட்டு வேலையில் இறங்கியிருந்தார்கள். ஏழுமலை பில்லருக்குக் கட்டின கம்பியைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, வீடு கட்றியா பாலம் கட்றியா?" என்றார் சார். "பொண்ணுங்க ரெண்டு இருக்குது சார்" என்றான் அவன். சார் குனிந்து ஒவ்வொரு பில்லராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

மனை சின்னது, அதனால் படிக்கட்டு அண்ணன் வாசலிலிருந்துதான் ஏற வேண்டியிருந்தது. பூவாடைக்காரியின் கூடையை மேலே ஏற்றிவைத்த மாடி வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று செல்வி எனக்குக் கேசரி கொடுத்தபடியே மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கே ஒரு சண்ட வந்தா படிக்கட்டுக்கு இரும்பு கேட்டு போட்டுப் பூட்டுவாங்க மேடம். சாமி போவற வழின்னு ஆயிட்டா யாரு பூட்டுவாங்க?" பாலிடெக்னிக்கில் படிக்கட்டுக்கு உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது திறந்தே இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதிகாரி என்கிற கௌரவம் தடுத்தது; சும்மா இன்னொரு கரண்டி கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சார் ரிட்டையர் ஆகி, சில வருஷத்தில் காலமும் ஆகிவிட்டார். எனக்கும் ரிட்டையர்மென்ட் வந்து, மொபெட்டையும் விற்றாகிவிட்டது. பிரவீன் போன் செய்த அதே வாரத்தில் செல்வியும் கூப்பிட்டாள். பெரியவள் தேவிக்கு மாடிமேல் ஒரு அறை போடுகிறார்களாம். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கியாயிற்று, ஆனாலும் நான் வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

படிக்கட்டில் பூட்டு இல்லை, கேட்டும் இல்லை. மேலே போனால் மொட்டை மாடியில் கோலமாவால் கோடு போட்டிருந்தது. நான் சொல்லாமலே, யாரும் சொல்லாமலே, தேவியும் அவள் புருஷனும் கோட்டுக்குள் படுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன். தேவி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

மேலே அறை வந்தால் அவள் தலைமேல் கால் படுமே, அதனால் பூவாடைக்காரியின் கூடை மறுபடியும் ஒரு மாடி ஏறப் போகிறது. எனக்கு உடனே அஞ்சலை ஞாபகம் வந்தது. அவளுக்கு இப்போது முட்டி வலி, நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறாள். அக்கா படையலுக்கு எப்படி மேலே வருவார்கள் என்று கேட்டேன். செல்வி மூலையைக் காட்டினாள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் உட்கார வைத்து ஏழுமலையும் முருகேசன் மகனும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்களாம். "ராணி மாதிரி வருவாங்க மேடம்" என்றாள்.

இறங்கி வந்து அஞ்சலையைப் பார்த்தேன். வாசலில் கால் நீட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலைமேல் கால் படக் கூடாது என்று அன்றைக்குச் சார்கிட்ட மல்லுக்கு நின்றீர்களே, இப்போது இரண்டு வீடு உங்கள் தலைமேல் நடக்கப்போகிறதே என்று சும்மா சீண்டினேன்.

அவள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போன வருஷம் இவங்கெல்லாம் ஒரு மாசம் சென்னைல போயி இருந்துட்டாங்க மேடம். மேல ஒரு சத்தமில்ல. எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல" என்றாள். "மேல யாராச்சும் நடந்தாத்தான் வீடு மாதிரி இருக்குது."

ஆட்டோவில் திரும்பி வரும்போதே பிரவீனுக்குப் போன் போட்டேன். பயிற்சிக்குக் கட்டாயம் வருகிறேன், புரொஜெக்டர் அது இது ஒன்றும் வேண்டாம் என்றேன். வேறு என்ன வேண்டும் மேடம் என்று கேட்டான்.

"நாற்காலிய எல்லாம் வெளிய எடுத்துட்டு, ஹால் தரையை நல்லாப் பெருக்கி வை. கொஞ்சம் கோலமாவும் வாங்கி வை" என்றேன்.